வீட்டுத் தோட்டத்துக்குப் பெரிய தக்காளி ரகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சந்தையில் நாம் வாங்கும் தக்காளியின் எடை பெரும்பாலும் 50 கிராமுக்கும் 100 கிராமுக்கும் இடையில் இருக்கும். இதைப்போல் மூன்று நான்கு மடங்கு பெரிய பழத்தை வீட்டிலேயே விளைவிக்க வேண்டும் என்ற ஆசை மாடித் தோட்டம் போடுகிற பலருக்கும் வருகிறது. அதற்கான விதைகளும் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் விதை உறையில் அச்சிட்ட படத்தையும் ‘500 கிராம்’ என்ற எண்ணையும் மட்டுமே நம்பி வாங்கியவர்களில் பலர், செடி ஆளுயரம் வளர்ந்து, கொத்துக் கொத்தாகப் பூத்து, ஒரு பிஞ்சுகூட நிற்காமல் பூக்கள் அனைத்தும் காம்போடு உதிர்வதைத்தான் காண்கிறார்கள். எருவைக் கூட்டினாலும் பஞ்சகவ்யம் தெளித்தாலும் இது சரியாவதில்லை. குறை பெரும்பாலும் பராமரிப்பில் இல்லை; அந்த ரகம் கேட்கும் இரவுக் குளிர்ச்சியும் நம் ஊரில் கிடைக்கும் இரவுக் குளிர்ச்சியும் பொருந்தாமல் போனதே காரணம். ஆகவே பெரிய தக்காளியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பழத்தின் எடையை அல்ல, நம் ஊரின் இரவு வெப்பநிலையை. தமிழ்நாட்டுச் சமவெளியில் தோட்டம் போடுகிறவர்களை மனத்தில் வைத்து இதை விளக்குகிறேன்.

ஒரு தக்காளி எதனால் பெரிதாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். தக்காளியைக் குறுக்கே வெட்டினால் விதையும் குழகுழப்பான சாறும் நிறைந்த அறைகள் தெரியும். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதியைச் சேர்ந்த காட்டுத் தக்காளியிலும், கொத்தாகக் காய்க்கும் செர்ரி தக்காளியிலும் பொதுவாக இரண்டே அறைகள்தான். மனிதர் பயிரிட்டுத் தெரிந்தெடுத்த நெடுங்காலத்தில், இந்த அறைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் மாற்றங்கள் நேர்ந்து, ஐந்து, ஏழு, சிலவற்றில் பத்துக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட பழங்கள் உருவாயின. பீஃப்ஸ்டேக் என்ற பொதுப்பெயரில் விற்கப்படும் பெரிய தக்காளிகள் அனைத்தும் இப்படிப் பல அறைகள் கொண்டவையே. அவற்றின் பூவே சாதாரணத் தக்காளிப் பூவைவிட அகலமாக, சில சமயம் இரண்டு மூன்று பூக்கள் ஒட்டிக்கொண்டது போலத் தோன்றும். அந்த அகலமான சூலகம் முழுமையாகப் பருக்க வேண்டுமானால் எல்லா அறைகளிலும் போதிய விதைகள் கருவுற வேண்டும். சில அறைகளில் மட்டும் கருவுற்றால் பழம் ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் சுருங்கி, அடிப்பகுதியில் தழும்போடு கோணலாக வளரும். சிறிய தக்காளிக்குக் கொஞ்சம் மகரந்தம் போதும். பெரிய தக்காளிக்கு நல்ல மகரந்தம் நிறைய வேண்டும்.

மகரந்தத்தைக் கெடுப்பது வெப்பம். தக்காளிப் பூ காயாக மாற இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது மிகவும் உகந்தது. இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் தொடர்ந்தாலோ, பகல் 35 டிகிரியைத் தாண்டினாலோ, மகரந்தத் தூள் குறைவாக உருவாகிறது. உருவாகும் தூளும் முளைக்கும் திறனை இழக்கிறது. சூல்முடி, அதைச் சுற்றிக் கூம்பாக நிற்கும் மகரந்தப் பைகளுக்கு வெளியே நீண்டுவிடுவதால் தன் மகரந்தச் சேர்க்கையும் தடைப்படுகிறது. இவற்றையெல்லாம் தாங்கிச் செர்ரி தக்காளி ஓரளவு காய்த்துக்கொண்டிருக்கும். பீஃப்ஸ்டேக் ரகங்களுக்கு அந்தத் தாங்கும் சக்தி பெரும்பாலும் இல்லை. அவற்றில் பல, வெயில் காலத்திலும் இரவு குளிர்ந்துவிடும் நாடுகளில் தெரிந்தெடுக்கப்பட்டவை. இன்னொன்றும் உண்டு. பழுக்கும் நேரத்தில் வெப்பம் 30 டிகிரிக்கு மேலேயே நீடித்தால் சிவப்பு நிறத்தைத் தரும் லைகோபீன் சரியாக உருவாகாது. சித்திரை, வைகாசியில் பழுக்கும் தக்காளி மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடுவது இதனால்தான்.

இப்போது நம் ஊர்களைப் பார்ப்போம். சென்னையில் ஜனவரி மாதத்து இரவுகள் சராசரியாக 21 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. மே மாதத்தில் அது 27, 28 ஆகிவிடும். கோயம்புத்தூரில் ஜனவரி இரவு 19 டிகிரிக்கு அருகில் வரும். பெங்களூரில் அதே மாதம் 16 டிகிரியை ஒட்டி இருக்கும்; ஓசூரும் ஏறத்தாழ அப்படித்தான். ஆகவே சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் பெரிய தக்காளி காய் பிடிக்கும் காலம் டிசம்பர் நடுப்பகுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை என்ற குறுகிய இரண்டு மாதம்தான், அதாவது மார்கழியும் தையும். கோவை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இது சற்று விரியும். ஓசூரில் ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரைகூடக் கிடைக்கும். உதகையில் நிலைமை நேர்மாறானது: அங்கே டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் என்பதால் கோடைதான் தக்காளிக் காலம். இரவு 12 டிகிரிக்குக் கீழே போனாலும் பெரிய பூக்கள் ஒழுங்காகக் கருவுறாமல் கோணல் பழங்கள் வரும் என்பதை மலைப்பகுதியில் இருப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தக் காலக் கணக்கில்தான் பலரும் தவறுகிறார்கள். விதை உறையில் ‘80 நாள்’ என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் விதைத்த நாளிலிருந்து எண்ணப்பட்டதன்று. நாற்றைப் பிடுங்கி நட்ட நாளிலிருந்து முதல் பழம் பறிப்பது வரையிலான கணக்கு. குழித்தட்டில் நாற்று தயாராக 25 முதல் 30 நாள் ஆகும் என்பதால் மொத்தம் 110 நாள். பெரிய ரகங்கள் பூத்ததிலிருந்து பழுக்க ஒன்றரை முதல் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளும். எனவே மார்கழியில் பூக்க வேண்டுமானால் புரட்டாசியில் விதைத்து, ஐப்பசிக் கடைசியில் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். சென்னையில் அந்த நேரம் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற நேரம். நாற்றைக் கூரையின் கீழ் வைத்துக் காத்து, மழை விட்ட இடைவெளியில் நடுவது நல்லது. தையில் ஆசைப்பட்டு விதைத்தால் பங்குனியில் செடி பூக்கும். அப்போது பூவைக் காயாக்கும் இரவு நமக்கு இருக்காது. இதே காரணத்தால், நாள் குறைவான ரகத்துக்குக் கடற்கரை ஊர்களில் தனி மதிப்பு உண்டு. 95 நாள் கேட்கும் 600 கிராம் ரகத்தைவிட 70 நாளில் வரும் 200 கிராம் ரகமே அங்கே அதிகப் பழம் தரும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது செடியின் வளர்ச்சி முறை. தக்காளியில் ஒரு வகை, குறிப்பிட்ட உயரம் வளர்ந்து, நுனியில் பூங்கொத்து வைத்து, அதோடு நின்றுவிடும். காய்ப்பும் சில வாரங்களுக்குள் முடிந்துவிடும். மற்றொரு வகை கொடிபோல நீண்டுகொண்டே போய், ஆறடி ஏழடி எட்டி, உயிரோடு இருக்கும்வரை பூத்துக்கொண்டே இருக்கும். மரபு வழி வந்த பெரிய தக்காளிகளில் பெரும்பான்மை இந்த இரண்டாம் வகையே. இவற்றுக்கு 40 லிட்டருக்குக் குறையாத தொட்டியும், உறுதியான குச்சியோ மேலிருந்து தொங்கும் கயிறோ, வாரந்தோறும் இலைக் கக்கத்தில் முளைக்கும் பக்கக் கிளைகளைக் கிள்ளும் பழக்கமும் வேண்டும். நனைந்த மண்ணோடு அந்தத் தொட்டி 40 கிலோவுக்குக் குறையாது. பத்துத் தொட்டி வைப்பதற்கு முன் மாடியின் தாங்குதிறனை யோசித்தாக வேண்டும். மாடித் தளத்தின் சூடு நேராக வேருக்கு ஏறாமல் இருக்கத் தொட்டியை மரச்சட்டத்தின் மீதோ இரும்புத் தாங்கியின் மீதோ உயர்த்தி வைப்பது பெரிய ரகங்களுக்கு மிகவும் அவசியம்.

மாடி வைத்திருப்பவர்களுக்கு மிகவும் பொருத்தமானவை என்று நான் கருதுவது வேறொரு கூட்டம். அமெரிக்காவின் கிரெய்க் லெஹூலியரும் ஆஸ்திரேலியாவின் பட்ரீனா நஸ்கி ஸ்மாலும் 2000களின் நடுவில் தொடங்கிய குட்டைத் தக்காளித் திட்டத்தில், பல நாட்டு வீட்டுத் தோட்டக்காரர்கள் தன்னார்வமாகச் சேர்ந்து, மரபு ரகங்களின் பெரிய பழத்தையும் சுவையையும் தடித்த தண்டுள்ள குட்டைச் செடியில் கொண்டுவந்தார்கள். ரோசெல்லா பர்ப்பிள், டாஸ்மேனியன் சாக்லேட், டுவார்ஃப் ஸ்வீட் சூ ஆகியவை அப்படி வந்தவை. இவை மூன்று நான்கு அடிக்குள் நின்றுகொள்வதால் 20 லிட்டர் வளர்ப்புப் பையிலேயே வளரும். பக்கக் கிளைகளைக் கிள்ளும் வேலையும் மிகக் குறைவு. நிறுவனங்களின் ஆய்வுக்கூடத்தில் அல்லாமல் தோட்டக்காரர்களின் கொல்லையிலும் முற்றத்திலும் இவை உருவாயின என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

நோய் எதிர்ப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழ்நாட்டில் தக்காளிச் செடியை முடித்துவிடுவது பெரும்பாலும் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய்தான். நுனி இலைகள் சுருண்டு, மஞ்சள் பூத்து, செடி குன்றிப்போய்விட்டால் மீட்க வழியில்லை. அதற்கடுத்தது, செடி பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் தொங்கிவிடும் பாக்டீரியா வாடல். மேல்நாட்டு விதை உறைகளில் ரகப் பெயரை அடுத்து வி, எஃப், என், டி ஆகிய ஆங்கில எழுத்துகள் இருக்கும்; அவை முறையே வெர்டிசிலியம் வாடல், ஃபியூசேரியம் வாடல், வேர் முடிச்சு நூற்புழு, புகையிலைத் தேமல் வைரஸ் ஆகியவற்றுக்கான எதிர்ப்பைக் குறிப்பவை. நமக்கு இவற்றில் நூற்புழு எதிர்ப்பு உண்மையாகவே பயன்படும்; மண்ணில் நேரடியாக நடுகிறவர்கள் அந்த எழுத்தைத் தேடி வாங்கலாம். இலைச்சுருள் எதிர்ப்பு என்று குறித்திருந்தாலும், அங்கே பரவும் வைரஸும் இந்தியாவில் பரவும் வைரஸ்களும் ஒன்றல்ல என்பதால் முழுப் பாதுகாப்பு கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மரபு ரகங்களில் இந்த எதிர்ப்புகள் பொதுவாக இருப்பதில்லை. அவற்றை வளர்ப்பதென்றால் நாற்றுப் பருவத்திலிருந்தே பூச்சி புகாத நுண்வலையால் மூடுவதும், மஞ்சள் ஒட்டும் அட்டை வைப்பதும், சுருண்ட செடியைத் தயங்காமல் பிடுங்கி அகற்றுவதும் வேண்டும்.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். முதல் ஆண்டில், பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், அர்கா சாம்ராட், அர்கா அபேத் ஆகியவற்றில் ஒன்றை வளர்த்துப் பாருங்கள். மூன்றும் வீரிய ஒட்டு ரகங்கள். பழம் ஏறத்தாழ 90 முதல் 110 கிராம். இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றுக்கும் எதிர்ப்பு உண்டு. அர்கா அபேத்தில் கூடுதலாகப் பின்பருவ இலைக்கருகலுக்கும் உண்டு. இது பெரிய தக்காளியா என்று கேட்கலாம். சமவெளியில், நம்பி வளர்க்கக்கூடிய அளவுகளில் இது பெரியதுதான். தொட்டியும் தண்ணீரும் வெயிலும் நம் கைக்கு வந்துவிட்டனவா என்பதையும் இந்தச் செடி காட்டிவிடும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து திடீர் மாற்றத்தைத் (மியூட்டேஷன்) தூண்டி உருவாக்கிய பி.கே.எம். 1 ரகத்தைப் பெரிய தக்காளி என்று சொல்ல முடியாது. ஆனால் தட்டையுருண்டையான அதன் பழம் நம் வெயிலைத் தெரிந்தது. பெரிய ரகங்கள் கைவிட்டாலும் சமையலுக்குப் பழம் இருக்க, பக்கத்தில் இரண்டு செடி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த படி 150 முதல் 250 கிராம். இங்கேதான் வெப்பம் தாங்கும் குணத்தைத் தேட வேண்டும். ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்தில் உருவான ஆர்க்கன்சா டிராவலர், வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் காய் பிடிக்கப் பெயர் பெற்ற இளஞ்சிவப்புத் தக்காளி. ஃபுளோரிடாவில் உருவான ஹோம்ஸ்டெட் 24 ரகமும் இதே வகையினது. அந்த மாநிலத்தின் வெக்கை நம் கடற்கரையை ஓரளவு ஒத்தது என்பதால், அங்கே தெரிந்தெடுத்த ரகங்களை நம்மவர்கள் இன்னும் அதிகமாக முயன்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பிரான்சின் மார்மாண்ட், விளிம்பில் மடிப்புகள் கொண்ட தட்டையான பழம் தருவது. 70 நாளை ஒட்டி வந்துவிடுவதால் சென்னையின் குறுகிய குளிர்காலத்துக்குள் முடிந்துவிடும். 1984-இல் அகில அமெரிக்கத் தேர்வு விருது பெற்ற செலிபிரிட்டி என்ற ஒட்டு ரகம் 200 கிராம் அளவில், செடியும் அடக்கமாக, நூற்புழு எதிர்ப்போடு இருப்பதால் தொடக்கக்காரருக்கு ஏற்றது.

300 கிராமுக்கு மேற்பட்ட பெரும் பழங்களை மூன்றாவது ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஓசூர், ஏற்காடு, கோத்தகிரி போன்ற இடங்களில் இருப்பவர்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. செரோகீ பர்ப்பிள், இவற்றுள் வெப்பத்தை ஓரளவு பொறுத்துக்கொள்வது; ஊதா கலந்த சிவப்பும் ஆழ்ந்த சுவையும் உடையது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒருவர் காத்துவந்த விதையை 1990-இல் பெற்று, அதற்கு இந்தப் பெயரைச் சூட்டியவர், மேலே குறிப்பிட்ட அதே லெஹூலியர்தான். மேற்கு வர்ஜீனியாவில் வாகனங்களின் ரேடியேட்டர்களைப் பழுதுபார்த்து வந்த சார்லி பைல்ஸ் என்பவர், பல பெரிய ரகங்களைக் கலந்து தாமே உருவாக்கிய தக்காளியின் நாற்றை ஒன்று ஒரு டாலர் என விற்று, வீட்டுக் கடன் 6,000 டாலரையும் ஆறு ஆண்டுகளில் அடைத்தார். அந்த ரகத்துக்கு, அடமானக் கடனைத் தீர்ப்பது என்று பொருள்படும் மார்ட்கேஜ் லிஃப்டர் என்ற பெயர் நிலைத்தது. பிராண்டிவைன் சுவையில் பலராலும் முதலிடத்தில் வைக்கப்படுவது; ஆனால் நீண்ட நாள் கேட்கும், குறைவாகக் காய்க்கும், வெக்கையில் பூவை உதிர்க்கும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சமையலையும் கணக்கில் எடுக்க வேண்டும். தக்காளியின் புளிப்பும் நாவில் நிற்கும் சாரமும் விதையைச் சுற்றிய குழகுழப்பில்தான் அதிகம். பெரிய தக்காளியில் சதை மிகுந்தும் அந்தக் குழகுழப்பு குறைந்தும் இருக்கும். இதனால் ரசத்துக்கு அது நாட்டுத் தக்காளிக்கு ஈடாகாது. தொக்கு, சட்னி, பச்சையாக வட்டமாக நறுக்கி உண்பது ஆகியவற்றுக்கு மிக நன்றாக இருக்கும். தினமும் ரசம் வைக்கும் வீட்டில் எல்லாத் தொட்டியிலும் பீஃப்ஸ்டேக் வைப்பது பொருத்தமாகாது.

எந்தப் பெரிய ரகத்தை எடுத்தாலும் சில வேலைகள் பொதுவானவை. பூக்கள் விரிந்திருக்கும் காலை நேரத்தில் கொத்தை மெல்லத் தட்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து சேரும். ஒரு கொத்தில் ஐந்தாறு பிஞ்சு பிடித்தால் நல்ல வடிவமுள்ள இரண்டு மூன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். மனம் வராத வேலைதான், ஆனால் உறையில் சொன்ன எடை இதைச் செய்யாமல் வராது. தண்ணீரை ஒரு நாள் மறந்து மறுநாள் இரட்டிப்பாக ஊற்றினால் பழம் வெடிக்கும். சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் அதன் அடிப்பக்கம் கறுத்து அழுகும். பெரிய பழங்களில் இந்த இரண்டுமே சிறியவற்றைவிட அதிகம். மண்ணின் மேல் காய்ந்த இலையோ தென்னை நாரோ மூடாக்காக இட்டால் ஈரம் ஒரே சீராக நிற்கும். உச்சி வெயில் பழத்தின் தோளைச் சுடாமல் இருக்க, மாசி பிறந்ததும் நிழல்வலை கட்டிவிடலாம். பழம் நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் வைத்துப் பழுக்கவிட்டால், வெடிப்பும் அணில் கடியும் தப்பும். சுவையில் பெரிய குறை வராது.

விதை சேமிக்க விரும்புகிறவர்கள் வாங்கும்போதே உறையில் எஃப் 1 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது ஒட்டு ரகம். அதன் விதையிலிருந்து அதே தக்காளி வராது. செரோகீ பர்ப்பிள், ஆர்க்கன்சா டிராவலர், குட்டை ரகங்கள் போன்றவை தன் மகரந்தச் சேர்க்கையால் குணம் மாறாமல் வரும். நம் தோட்டத்திலேயே நோயின்றி நின்று, நம் மார்கழி இரவில் நன்றாகக் காய் பிடித்த செடியைக் குறித்து வைத்து, அதன் இரண்டாவது மூன்றாவது கொத்துப் பழத்திலிருந்து விதை எடுங்கள். விதையைச் சாற்றோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, மேலே மிதப்பதை நீக்கி, அடியில் தங்கியதைக் கழுவி, பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்தி, ரகப் பெயரையும் ஆண்டையும் எழுதிய உறையில் இட்டு வைத்தால் நான்கைந்து ஆண்டு முளைப்புத் திறன் குறையாமல் இருக்கும்.